ஒரு இலையைக் கிள்ளினேன், கொல்லையே மஞ்சளானது

போன வருசம் மாசிப் பட்டத்தில் முக்கால் ஏக்கர் உளுந்து போட்டேன். குடுமியான்மலைக்குப் பக்கத்தில்தான் எங்கள் கொல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. விதை பக்கத்து ஊர்க் கடையில் வாங்கியது. என்ன ரகம் என்று கேட்டதற்கு "நல்லா காய்க்கும்" என்று மட்டும் பதில் வந்தது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

முளைப்பு நன்றாக இருந்தது. இருபத்தி நாலாம் நாள் காலையில் களை எடுக்கப் போனபோது, வரப்பு ஓரத்தில் ஒரே ஒரு செடியின் கொழுந்து இலையில் மஞ்சள் பொட்டு பொட்டாகத் தெரிந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்து தேமல் மாதிரி. அந்த இலையை மட்டும் கிள்ளி வரப்பில் போட்டேன். சத்துக் குறைவாக இருக்கும் என்று மறுநாள் பஞ்சகவ்யா அடித்தேன்.

களையெடுக்க வந்திருந்த அப்பத்தா ஒருத்தி பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், செடியோட பிடுங்கிப் போடுடா. ஒரு எலயக் கிள்ளுனா போற நோயா அது?" நல்ல செடியைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. கீழ் இலையெல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்ததே!

நாற்பத்தைந்தாம் நாள் பார்த்தால் பாதிக் கொல்லை மஞ்சள். ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். பூ உதிர்ந்தது. வந்த காய் குட்டையாக, உள்ளே பருப்பில்லாமல் இருந்தது. கடைசியில் போட்ட விதைகூடத் திரும்ப வரவில்லை.

செடியைக் கொண்டுபோய் குடுமியான்மலை வேளாண்மைக் கல்லூரியில் காட்டினேன். மஞ்சள் தேமல், வைரஸ் நோய் என்றார்கள். அன்றிலிருந்து ஒரே ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு இலையில் தெரிந்த நோய், அந்த இலையை எடுத்த பிறகும் எப்படிப் போனது? அப்பத்தாவுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? அதைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே நம் உழவர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வைரஸ் செடிக்குள் எந்த வழியில் போகிறது என்று புரிந்துவிட்டால், எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

சத்துக் குறைவா, தேமலா?

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். சத்துக் குறைவு வந்தால் மஞ்சள் ஒரு ஒழுங்கோடு வரும். இரும்புச்சத்து குறைந்தால் கொழுந்து இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி ஒரே சீராக வெளுக்கும். தழைச்சத்து குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும். கொல்லையில் ஒரு பகுதி முழுக்க, பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் ஒரே மாதிரி இருக்கும்.

தேமல் அப்படி இல்லை. நடுவில் ஒரு செடி மட்டும் மஞ்சளாக இருக்கும், சுற்றிலும் உள்ளவை பச்சையாக இருக்கும். இலையில் மஞ்சளும் பச்சையும் ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். அடுத்தடுத்து வரும் கொழுந்து முந்தினதைவிட அதிக மஞ்சளாக வரும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் ஊட்டம் கொடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

கதவில்லாத வீடுகள்

செடியின் உடம்பு லட்சக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கெட்டியான சுவர் உண்டு. நம் உடம்புச் செல்லுக்கு இப்படிச் சுவர் கிடையாது. அதனால் நம்மைத் தாக்கும் வைரஸ் நேராக செல்லின் தோலில் ஒட்டி உள்ளே போய்விடும். செடியின் வைரஸால் அது முடியாது. யாராவது சுவரில் ஓட்டை போட்டு உள்ளே விட்டால்தான் உண்டு. பூச்சியின் ஊசிவாய், வெட்டுக் கத்தி, உரசிய காயம், இப்படி ஏதாவது ஒன்று.

சரி, ஒரு செல்லுக்குள் வந்துவிட்டது. அடுத்த செல்லுக்கு எப்படிப் போகும்?

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சுவரைத் துளைத்துக்கொண்டு மிக நுண்ணிய வாய்க்கால்கள் இருக்கின்றன. பிளாஸ்மோடெஸ்மாட்டா என்று அதற்குப் பெயர். இரண்டு வயலுக்கு நடுவில் வரப்பில் மடை இருக்கிற மாதிரி. இந்த மடை வழியாகத்தான் செல்கள் சர்க்கரையையும் செய்திகளையும் பரிமாறிக்கொள்கின்றன. ஆனால் மடை ரொம்பச் சின்னது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு நானோமீட்டர். மடைக்குள் தாராளமாகப் போக இடம் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். புகையிலைத் தேமல் வைரஸோ 18 நானோமீட்டர் தடிமன், 300 நானோமீட்டர் நீளம். வைக்கோல் வண்டி ஒற்றையடிப் பாதையில் போவது போன்ற கதை.

இந்தப் புகையிலைத் தேமலில்தான் வைரஸ் என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியவந்தது. 1886-இல் அடால்ஃப் மேயர் நோய்ச்செடியின் சாற்றை நல்ல செடியில் செலுத்தினால் நோய் வருகிறது என்று காட்டினார். 1892-இல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி, பாக்டீரியாவையே தடுத்துவிடும் வடிகட்டியில் அந்தச் சாற்றை வடித்த பிறகும் நோய் வருவதைக் கண்டார். 1898-இல் நெதர்லாந்தின் பெயரிங்க், இது பாக்டீரியா அல்ல, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் வேறொன்று என்றார். ஆனால் அது மடையை எப்படித் தாண்டுகிறது என்பது தெரிய இன்னும் தொண்ணூறு வருசம் ஆனது.

1987-இல் அமெரிக்காவில் பீச்சி என்பவரின் குழு விடையைக் கண்டுபிடித்தது. வைரஸ் தன்னிடம் ஒரு தனிப் புரதம் வைத்திருக்கிறது. அதன் வேலையே இடப்பெயர்ச்சிதான். அது மடையில் போய் உட்கார்ந்து வாயை அகலமாக்கும். வைரஸும் தன் சட்டையைக் கழற்றிவிட்டு, மரபுச் செய்தி எழுதப்பட்ட இழையை மட்டும் நீளவாக்கில் நுழைத்து அனுப்பிவிடும். வண்டியைப் பிரித்து, வைக்கோலைப் பிரியாகத் திரித்து அனுப்புவது மாதிரி. அந்தப் புரதம் பழுதானால் வைரஸ் விழுந்த செல்லிலேயே அடைபட்டுக் கிடக்கும். செடிக்கு நோயே தெரியாது.

இந்த நடை மெதுவானது. இலைக்குள் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், அதாவது எட்டுப் பத்து செல். இதே வேகத்தில் போனால் ஒரு இலையைத் தாண்டவே வாரக்கணக்காகும். ஆனால் அது மெயின் ரோட்டைப் பிடித்துவிடுகிறது.

மெயின் ரோடு

இலையில் சமைத்த உணவு வேருக்கும் கொழுந்துக்கும் காய்க்கும் போவதற்கு உணவுக்குழாய் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் புளோயம் என்று போட்டிருப்பார்கள். வைரஸ் அந்தக் குழாயில் ஏறிவிட்டால் சர்க்கரைச் சாற்றோடு மணிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும்.

எந்தப் பக்கம் ஓடும் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. 1934-இல் ஆஸ்திரேலியாவில் சாமுவேல் என்ற அறிவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். ஒரே வயதுத் தக்காளிச் செடிகள் பல எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிற்றிலையில் மட்டும் புகையிலைத் தேமல் வைரஸைத் தேய்த்தார். பிறகு நாள் வாரியாக ஒவ்வொரு செடியையும் துண்டு துண்டாக நறுக்கி, எந்தத் துண்டில் வைரஸ் இருக்கிறது என்று பார்த்தார். முதல் சில நாள் தேய்த்த இலையில் மட்டும் இருந்தது. மூன்று நான்கு நாளில் திடீரென்று வேரில் இருந்தது. அடுத்து உச்சிக் கொழுந்துக்குப் போனது. நடுவில் இருந்த முற்றிய இலைகளுக்குக் கடைசியாகத்தான் வந்தது. சுமார் 25 நாளில் செடி முழுக்கப் பரவிவிட்டது.

ஏன் இந்த வரிசை? உணவு எங்கே தேவையோ அங்கேதான் சாறு ஓடும். வேரும் கொழுந்தும் காயும் வாங்குகிற இடங்கள். முற்றிய இலை கொடுக்கிற இடம், அது வாங்காது. வைரஸ் சாற்றோடு போகிற பயணி, அதனால் வாங்குகிற இடத்துக்கே போகிறது.

என் கொல்லையில் நடந்தது இப்போது புரிகிறதா? கொழுந்தில் மஞ்சள் தெரிந்த அன்றைக்கு வைரஸ் புதிதாக வரவில்லை. அதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னாலேயே வேறொரு இலையில் இறங்கி, உணவுக்குழாயில் ஏறி, வேர் வரை போய், கொழுந்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. அடி இலைகள் பச்சையாக இருந்தது ஆரோக்கியத்தால் அல்ல. அவை முற்றிய இலைகள், வைரஸ் அங்கே போக வழியில்லை, அவ்வளவுதான். நான் கிள்ளியது நோயின் விளம்பரப் பலகையை. கடை உள்ளேயே திறந்திருந்தது.

நம் உளுந்துத் தேமலின் தனிக் குணம்

மஞ்சள் தேமலை இந்தியாவில் 1960-இல் டெல்லியில் பாசிப்பயறில் நரியானி என்பவர் பதிவு செய்தார். உளுந்து, பாசிப்பயறு, சோயா, தட்டைப்பயறு என்று பயறுக் குடும்பத்தையே இது ஆட்டிப் படைக்கிறது.

இந்த வைரஸின் மரபுச் செய்தி இரண்டு வளையங்களாக, இரண்டு தனித்தனிக் கூட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்து நீளம். முதல் வளையம் 'ஏ', இரண்டாவது 'பி'. 'ஏ' வளையத்தில் பெருகுவதற்கும் கூடு கட்டுவதற்கும் வேண்டிய செய்தி இருக்கிறது. 'பி' வளையத்தில் இருப்பது இரண்டே புரதங்களுக்கான செய்தி, இரண்டுமே போக்குவரத்துக்கு. இந்த வைரஸ் செல்லின் உட்கருவில் பெருகுகிறது. ஒரு புரதம் அதை உட்கருவிலிருந்து வெளியே தூக்கி வருகிறது. இன்னொன்று வாங்கி மடை வழியாக அடுத்த செல்லுக்குத் தள்ளுகிறது. வீட்டுக்குள்ளிருந்து மூட்டையைத் திண்ணைக்குக் கொண்டுவர ஒரு ஆள், திண்ணையிலிருந்து வண்டியில் ஏற்ற ஒரு ஆள். 'பி' இல்லாமல் 'ஏ' மட்டும் இருந்தால் செல்லுக்குள் பெருகலாம், ஆனால் செடியை நோயாளியாக்க முடியாது.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் பகுதி வைரஸை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட செய்தி ஒன்று உண்டு. ஒரே 'ஏ' வளையத்தோடு வேறுபட்ட 'பி' வளையங்கள் பல சேர்ந்து கிடந்தன. போக்குவரத்துத் துறையில் இத்தனை மாற்று ஆட்கள் வைத்திருக்கிற எதிரி இது. வைரஸும் மாறிக்கொண்டே இருக்கும், நம் விதையும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

இன்னொரு குணம், இந்த வைரஸ் பெரும்பாலும் உணவுக்குழாயை ஒட்டிய செல்களிலேயே குடியிருக்கும். அதனால்தான் நம் ஊரில் இது கை பட்டோ, களைக்கொட்டு பட்டோ பரவுவதில்லை. மேலே தேய்த்தால் ஆழத்தில் இருக்கும் குழாய்க்குப் போய்ச் சேராது. குழாய் வரை ஊசி போடத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வெள்ளை ஈ.

ஒரு மில்லிமீட்டர் ஊசிக்காரன்

வெள்ளை ஈ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து, மயிரிழை போன்ற ஊசிவாயைச் செல்களுக்கு நடுவே நுழைத்து, நேராக உணவுக்குழாயில் குத்திச் சாறு குடிக்கும். நோய்ச்செடியில் சில நிமிடம் குடித்தாலே வைரஸ் ஏறிவிடும். அது ஈயின் குடலைத் தாண்டி, உடல் திரவத்தில் கலந்து, எச்சில் சுரப்பிக்கு வர சில மணி நேரம் ஆகும். அதன் பிறகு பல நாளைக்கு அந்த ஈ எந்தச் செடியில் குடித்தாலும் எச்சிலோடு வைரஸை இறக்கும்.

இதை அசுவினி பரப்பும் வைரஸ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பப்பாளி வளையப்புள்ளி நோயில் வைரஸ் அசுவினியின் ஊசி நுனியில் சிறிது நேரம்தான் ஒட்டியிருக்கும். பப்பாளித் தோட்டத்தைச் சுற்றிச் சோளமோ மக்காச்சோளமோ நின்றால், அசுவினி முதலில் அதைக் குத்திப் பார்க்கும், ஊசி அங்கேயே துடைபட்டுவிடும். வெள்ளை ஈயிடம் இந்த வித்தை பலிக்காது. சோளத்தைக் குத்தினாலும் அதன் வயிற்றுக்குள் வைரஸ் பத்திரமாக இருக்கும். அப்படியானால் உளுந்துக்கு வேலிப்பயிர் எதற்கு? வெள்ளை ஈ தானாக அதிக தூரம் பறக்காது, தாழ்வாகக் காற்றோடு வரும். உயரமான பயிர் அதற்குச் சுவர். வேலை ஒன்று போலத் தெரிந்தாலும் காரணம் வேறு. அதனால் உளுந்துக்கு ஒற்றை வரிசை பத்தாது, நெருக்கமாக இரண்டு மூன்று வரிசை வேண்டும். உளுந்துக்கு முன்னாடியே விதைத்து வளர்த்துவிட வேண்டும்.

செடி சும்மா இருப்பதில்லை

செடியும் எதிர்த்து நிற்கிறது. ஆபத்து வந்தால் மடை வாயில் கேலோஸ் என்ற பொருளைச் சுரந்து அடைக்கப் பார்க்கும். அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று உண்டு. வைரஸின் செய்தி இழையைக் கண்டுபிடித்துத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து மற்ற இழைகளையும் வேட்டையாடும். 1999-இல் இங்கிலாந்தில் ஹாமில்ட்டன், பால்கோம் என்ற இருவர் இந்தச் சிறு துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள். இந்த எச்சரிக்கையும் அதே மடை, அதே உணவுக்குழாய் வழியாகத்தான் கொழுந்துக்குப் போகிறது. தண்டோரா முந்தினால் செடி பிழைக்கும், வைரஸ் முந்தினால் நோய். வைரஸும் இந்தக் காவலை முடக்கச் சில புரதங்களை வைத்திருக்கிறது.

கொழுந்தின் உச்சியில் ஊசிமுனை அளவு இடத்துக்கு வைரஸ் பெரும்பாலும் போவதில்லை. அங்கே உணவுக்குழாய் இன்னும் உருவாகியிருக்காது, காவலும் பலமாக இருக்கும். 1952-இல் பிரான்சில் மோரல், மார்ட்டின் இருவரும் நோயுற்ற டேலியாச் செடியின் இந்த உச்சியை வெட்டி வளர்த்து, வைரஸ் இல்லாத செடி எடுத்தார்கள். இன்றைக்கு வாழைத் திசு வளர்ப்புக் கன்றுக்கு அடிப்படை இதுதான். முடிக்கொத்து நோயால் அழிந்துகொண்டிருந்த விருப்பாச்சி மலைவாழையை மீட்க எடுத்த முயற்சிக்கும் இது கை கொடுத்தது. ஆனால் தாய்மரத்தைச் சோதிக்காமல் எடுத்த கன்று என்றால் திசு வளர்ப்பும் நோயைத்தான் பெருக்கும்.

நோய் தாங்கும் ரகம் என்றால் வைரஸே நுழையாத ரகம் என்று நினைக்க வேண்டாம். ஈ கடிக்கும், வைரஸ் இறங்கும். ஆனால் பெருகுவதும் நகர்வதும் மட்டுப்படும். இந்த வேலை நம் மாவட்டத்திலேயே நடக்கிறது. ஆலங்குடிப் பக்கம் வம்பனில் இருக்கும் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையத்தில், எளிதில் நோய் பிடிக்கும் கோ 5 போன்ற உளுந்தை வேண்டுமென்றே நடுநடுவே விதைத்து, கொல்லையில் நோயைப் பெருக்கி, அதற்கு நடுவில் பச்சையாக நிற்கும் செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 இப்படி வந்தவை. உளுந்து தன் மகரந்தத்தில் தானே காய்க்கும் பயிர், இவை வீரிய ஒட்டும் அல்ல. ஒருமுறை நல்ல விதை வாங்கினால் நாமே எடுத்து வைக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

அப்படியானால் என்ன செய்வது?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். உணவுக்குழாய்க்குள் ஏறிவிட்ட வைரஸை வெளியே எடுக்கும் மருந்து எதுவும் இல்லை. ரசாயனக் கடையிலும் இல்லை, நம் தொட்டியிலும் இல்லை. பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் செடிக்குத் தெம்பு கொடுக்கும், தேமலைக் குணமாக்காது. நம்மில் சிலர் குணமாகும் என்று சொல்லி, புதிதாக வருகிறவர்கள் நம்பி அடித்து, கொல்லையை இழந்து, இயற்கை விவசாயமே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். செய்ய வேண்டியதெல்லாம் வைரஸ் ஏறும் முன்னால்தான்.

• விதை: நோய் தாங்கும் ரகம் போடுங்கள். பெயர் தெரியாத விதை வேண்டாம். காயும் உணவு வாங்கும் இடம்தான், தேமல் வந்த உளுந்தின் விதைக்குள்ளும் வைரஸ் இருந்ததை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நோய்ச்செடியில் விதை எடுக்கவே கூடாது. நோய் வந்த கொல்லையில் கடைசி வரை பச்சையாக நின்ற செடி இருந்தால், அதைத் தனியாக அடையாளம் கட்டி விதை எடுங்கள்.

• பட்டம்: வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். கோடையில் போடுவதானால் தள்ளிப்போடாமல் விதையுங்கள். பக்கத்தில் தேமல் பிடித்த பழைய பயறு நிற்கும்போது புதிதாக விதைக்க வேண்டாம்.

• வேலி: சோளம், கம்பு, மக்காச்சோளம், இரண்டு மூன்று வரிசை.

• சுத்தம்: தானாக முளைத்த உளுந்து, பாசிப்பயறு, வரப்போரத் துத்தி, இவற்றை விதைக்கும் முன்னே எடுத்துவிடுங்கள்.

• மஞ்சள் பொறி: ஏக்கருக்கு ஐந்து. தகரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவினாலே போதும். இதில் ஈ விழ ஆரம்பித்தால் அதுவே முன்னறிவிப்பு.

• வேம்பு: 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் தண்ணீரில் கலந்து காதி சோப்புக் கரைசலோடு, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். நொச்சி இலைச் சாறும் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அடிக்கலாம். இவை ஈயைக் குறைக்கும், உள்ளே போன வைரஸைத் தொடாது.

• பிடுங்குவது: முதல் முப்பது நாள் தினமும் காலையில் ஒரு சுற்று. தேமல் தெரிந்தால் செடியோடு, வேரோடு எடுங்கள். அதிகாலையில் ஈ சுறுசுறுப்பாக இருக்காது. மெல்லச் சாக்கைக் கவிழ்த்து மூடிப் பிடுங்கி, குழியில் போட்டு மண் தள்ளுங்கள். வரப்பில் போட்டால் செடி வாடும், அதிலிருக்கும் ஈ பக்கத்துச் செடிக்குத்தான் போகும்.

முப்பது நாளுக்குள் நோய் வந்த செடி காய்க்கப் போவதில்லை, ஆனால் அறுவடை வரை ஈக்களுக்கு வைரஸ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அதைப் பிடுங்குவதில் நட்டம் எதுவும் இல்லை. காய் பிடித்த பிறகு வந்தால் இழப்பு குறைவு. அப்போது பதறிப் பிடுங்க வேண்டியதில்லை.

இந்த வருசம் அதே முக்கால் ஏக்கரில் வம்பன் 8 போட்டேன். சுற்றிலும் சோளம். முதல் மாதத்தில் பத்தொன்பது செடி பிடுங்கினேன். ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் மனசு வலித்தது உண்மை. அதே அப்பத்தா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பத்தான் புத்தி வந்துச்சாக்கும்" என்றார். எப்படி அப்பத்தா உங்களுக்குத் தெரியும் என்று கேட்டேன். "மிளகாய்க் கொல்லையில பாத்திருக்கேன், பூசணியில பாத்திருக்கேன். கொழுந்து கெட்டுப்போச்சுன்னா வேரு நல்லாருக்கும்னு எப்படிடா நெனக்கிறது?" என்றார்.

சாமுவேல் தக்காளியை நறுக்கிப் பார்த்துச் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். வைகாசியில் உளுந்து அடித்தபோது முதல் படியை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். விதைக்கு எடுத்து வைத்தது தனியாகச் சாம்பல் போட்டுப் பானையில் இருக்கிறது.